கேப்டன் ஆகாத கேப்டன்: பிக்கிள்ஸைப் படைத்த டபிள்யூ. இ. ஜான்ஸ்

ஏட்டுச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

பிக்கிள்ஸ் என்ற ஆங்கிலேய விமானியின் சாகசக் கதைகளைப் பள்ளி நாள்களில் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அட்டையில் ‘கேப்டன் டபிள்யூ. இ. ஜான்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தக் கேப்டன் பட்டத்தை எந்தப் படையும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் விமானப்படையைவிட்டு வெளியே வந்தபோது ஃப்ளையிங் ஆபீசர். தரைப்படைக் கணக்கில் லெப்டினன்ட். எழுதத் தொடங்கியபின் தமக்குத் தாமே ஒரு படி உயர்வு கொடுத்துக்கொண்டார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ‘போலி வீரர்’ என்று ஒதுக்குகிறவர்களைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த இழை. மனிதர் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல.

வில்லியம் ஏர்ல் ஜான்ஸ் 1893 பிப்ரவரி 5 அன்று இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டை ஒட்டிய பெஞ்சியோவில் பிறந்தார். அப்பா தையற்காரர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் நில அளவையாளர் ஒருவரிடம் தொழில் பழகினார். 1912இல் நார்ஃபோக் பகுதியில் ஸ்வாஃபம் என்ற சிற்றூரில் சானிடரி இன்ஸ்பெக்டர் ஆனார். மறு ஆண்டு நார்ஃபோக் யோமன்ரி என்ற பகுதிநேரக் குதிரைப்படையில் சேர்ந்தார். சீருடை, குதிரை, ஆண்டுக்கொரு பயிற்சி முகாம். கிராமத்து இளைஞர்களுக்கு அது பாதி பொழுதுபோக்கு. 1914 ஆகஸ்டில் அந்தப் பொழுதுபோக்கு உண்மையான போராகிவிட்டது. அக்டோபரில் திருமணம் செய்துகொண்டார்.

1915 செப்டம்பரில் படையைக் கப்பலேற்றினார்கள். குதிரைகளை ஊரிலேயே விட்டுவிட்டார்கள். குதிரைப்படைக்காரர்கள் கால்நடையாகக் துருக்கியின் கல்லிப்போலிக் கரையில் இறங்கிப் பதுங்குகுழிக்குள் போனார்கள். சீதபேதி, ஈக்கள், நவம்பர் கடைசியில் பெருமழையும் பனிப்புயலும். டிசம்பரில் அங்கிருந்து எகிப்து. 1916இல் இயந்திரத் துப்பாக்கிப் படைக்கு மாற்றல். அடுத்து கிரேக்கத்தின் சலோனிக்கா முனை. எதிரியின் குண்டைவிடக் கொசு அதிகம் பேரை மருத்துவமனைக்கு அனுப்பிய முனை அது. ஜான்ஸும் மலேரியாவில் படுத்தார். 1917 செப்டம்பரில் ராயல் ஃப்ளையிங் கார்ப்ஸ் என்ற அன்றைய பிரிட்டிஷ் விமானப்படையில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். அதாவது விமானத்தில் ஏறுமுன்பே அவர் இரண்டு போர்முனைகளைப் பார்த்துவிட்டவர்.

பிக்கிள்ஸ் பதினேழு வயதில் பள்ளியிலிருந்து நேரே விமானத்தில் ஏறுகிறான். அவனைப் படைத்தவர் ஏறியது சேற்றிலிருந்து, இருபத்துநான்கு வயதில். இந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

---

மூர்மார்க்கெட்

பேசலாம். ஆனால் அந்த மூன்று நாள் கதையைச் சொல்லாமல் முடித்துவிட்டீரே!

1918 ஏப்ரலில் யார்க்ஷயர் கடற்கரையில் மார்ஸ்க் என்ற ஊரில் இவர் விமானப் பயிற்சி ஆசிரியர். இயந்திரக் கோளாறால் மூன்று நாளில் மூன்று விமானங்களை ஒழித்துக்கட்டினார். ஒன்று கடலில் விழுந்தது. ஒன்று மணலில். மூன்றாவது, உடன் பணியாற்றிய ஓர் அதிகாரி வீட்டுக் கொல்லைக் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. இன்னொரு சமயம் மூடுபனியில் வழி தவறி, செங்குத்துப் பாறையில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். தம் விமானத்தின் சுழலியை (ப்ரொப்பெல்லர்) தாமே சுட்டுத் தெறிக்கவிட்டதும் உண்டு. அதுவும் இருமுறை.

இத்தனைக்கும் இவர் ஆசிரியர். மாணவர்கள் என்ன பாடுபட்டார்களோ.

---

தரைப்பணியாளர்

நண்பர் மூர்மார்க்கெட் சிரிக்க வைத்துவிட்டார். ஆனால் சுழலியைச் சுட்டதில் ஓட்டுபவர் தவறு பெரும்பாலும் கிடையாது. நான் இந்திய விமானப்படையில் இயந்திரப் பிரிவில் தரைப்பணி செய்து ஓய்வுபெற்றவன். அந்தக் காலத்து விமானங்கள் மேல் எனக்குத் தனிப் பித்து உண்டு. அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

அன்று இயந்திரத் துப்பாக்கியை விமானியின் கண்ணெதிரே, மூக்கின் மேல் பொருத்தினார்கள். குண்டு போகும் வழியில்தான் சுழலி சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் குண்டு வெளியேறும்படி, இயந்திரத்தின் சுழற்சியோடு துப்பாக்கியை இணைத்து ஓர் ஒத்திசைவுப் பொறி வைத்திருந்தார்கள். அதில் தேய்மானமோ தளர்வோ வந்தால் நேரம் பிசகும். குண்டு மரத்தில் படும். சுழலி உடையும். அதிர்ச்சியில் இயந்திரமே பிய்த்துக்கொண்டு போகும் அபாயமும் இருந்தது. இரண்டு முறை அப்படி ஆகியும் உயிரோடு தரை இறங்கியவரைக் கைதேர்ந்தவர் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. பிக்கிள்ஸ் ஓட்டுவது சாப்வித் கேமல். ஒற்றை இருக்கை. ஜான்ஸ் போரில் ஓட்டியது டி.எச்.4. இரட்டை இருக்கை, பகல்நேரக் குண்டுவீச்சு விமானம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

கேமலில் இயந்திரம், துப்பாக்கிகள், எரிபொருள் கலன், விமானி எல்லாம் மூக்கருகே ஒரு சில அடிக்குள் அடைக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தின் உருளைகளே சுழலியோடு சேர்ந்து சுற்றும். அந்தச் சுழல்விசையால் வலப்பக்கம் மின்னல்போலத் திரும்பும். அறியாதவன் கையில் அதே விசை தலைகீழாகக் கவிழ்த்துக் கொல்லும். பயிற்சியிலேயே ஏராளமான இளைஞர்களைக் காவுகொண்ட விமானம். மசகுக்கு விளக்கெண்ணெய், பெட்ரோலோடு கரையாது என்பதால். எரிந்த எண்ணெய் முழுக்க வெளியே தெறித்து விமானியின் முகத்தில்தான் படியும், மூச்சில் போகும். விளக்கெண்ணெய் வயிற்றை என்ன செய்யும் என்று நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டால் தெரியும். வீரசாகசக் கதைகளில் இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை.

டி.எச்.4 அப்படித் துள்ளாது. ரோல்ஸ்ராய்ஸ் ஈகிள் இயந்திரம், நல்ல வேகம், நல்ல உயரம். ஆனால் விமானி முன்னே, பின்னால் பார்த்துச் சுடுபவர் தள்ளி. இருவருக்கும் நடுவில் பெரிய பெட்ரோல் கலன். பேசுவதற்கு ஒரு குழாய். சண்டை இரைச்சலில் அதில் என்ன கேட்கும்? பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட்டும் கொடுக்கவில்லை.

---

ஏட்டுச்சுவடி

தரைப்பணியாளர் ஐயாவுக்கு நன்றி. நான் வர நினைத்த இடத்துக்கே கொண்டுவந்துவிட்டீர்கள்.

1918 கோடையில் ஜான்ஸ் பிரான்ஸில் நான்சி நகருக்கு அருகே அசெலோ தளத்தில் இருந்த 55ஆம் ஸ்க்வாட்ரன் என்ற விமானப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டிஷ் தளபதி ட்ரென்சார்ட் தலைமையில் ஜெர்மன் தொழில் நகரங்களைத் தாக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட தனிப் படையின் ஒரு பகுதி அது. வேட்டைவிமானத் துணை கிடையாது. கூட்டமாகப் பறப்பதுதான் ஒரே பாதுகாப்பு. கூட்டத்திலிருந்து பின்தங்கினால் முடிந்தது கதை.

செப்டம்பர் 16. இலக்கு மான்ஹைம். போகும் வழியில் தரையிலிருந்து வந்த பீரங்கிச் சில்லு பட்டு ஜான்ஸின் விமானம் வேகமும் உயரமும் இழந்து பின்தங்கியது. ஜெர்மனியின் ஃபாக்கர் டி.7 சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. பின்னால் இருந்த ஏமி என்ற இளம் செகண்ட் லெப்டினன்ட் கொல்லப்பட்டார். ஜான்ஸுக்குக் காலில் குண்டு. அல்சாஸ் மண்ணில் விமானம் விழுந்தது. சிறைப்பட்டார். வீட்டுக்குப் போன செய்தி, ‘காணவில்லை’. இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்த குடும்பத்தின் முன்னே கிறிஸ்துமஸ் சமயத்தில் போய் நின்றார்.

போர்முனையில் அவர் பறந்த காலம் சில வாரங்கள்தாம். அதன் முடிவில், திரும்பிப் பார்த்தாலும் சரியாகத் தெரியாத தூரத்தில், பெட்ரோல் கலனுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இறந்துகிடக்கிறார். பதினான்கு ஆண்டு கழித்து இந்த மனிதர் ஒரு நாயகனைப் படைக்கிறார். அவனுக்கு எந்த விமானத்தைக் கொடுக்கிறார்? பின்இருக்கையே இல்லாத விமானத்தை.

இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

---

கொற்றவை

உருக்கமாக எழுதுகிறீர்கள். நான் உருகவில்லை.

மான்ஹைமில் கீழே யார் இருந்தார்கள்? ஆற்றுக்கு அக்கரையில் லுட்விக்ஸ்ஹாஃபனில் வேதிப்பொருள் ஆலை இருந்தது. நச்சுவாயு தயாரிப்போடு தொடர்புடைய ஆலை. அது நியாயமான இலக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து, அன்றைய குறிபார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு எறிந்த குண்டு ஆலையின் கூரையில்தான் விழும் என்று யார் உறுதி சொன்னார்கள்? குடியிருப்புகளிலும் விழுந்தது. கேமலில் பறக்கும் நாயகனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. எதிரே வருபவன் கையிலும் துப்பாக்கி இருக்கிறது. சண்டை கௌரவமாக முடிந்துவிடுகிறது. நீங்கள் பின்இருக்கையைச் சொல்கிறீர்கள். நான் விமானத்தின் அடிவயிற்றில் தொங்கிய குண்டுகளைச் சொல்கிறேன். அவற்றையும் சேர்த்துத்தான் ஜான்ஸ் மறைத்தார்.

அடுத்து, போர் முடிந்ததும் இவர் பார்த்த வேலை என்ன? ஆள்சேர்ப்பு அதிகாரி. பிறகு எழுதிய நூற்றுக்கணக்கான கதைகளில் பார்த்ததும் அதே வேலைதான். ஊதியம் கொடுத்த இடம் மாறியது. விசுவாசம், பேரரசு, குழு உணர்வு ஆகியவற்றைச் சிறுவர்களுக்குக் கற்பிப்பதாக அவரே பெருமையோடு சொல்லியிருக்கிறார். போர்னியோவிலும் தென்கடல் தீவுகளிலும் நடக்கும் கதைகளைத் திறந்து பாருங்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள்? பிற்காலத்தில் பிரிட்டன் நூலகங்களே பலவற்றை அலமாரியிலிருந்து எடுத்தன. அதற்குக் காரணம் இருந்தது.

---

நூலகத்து மேசை

ஆள்சேர்ப்பு என்றதும் ஒரு நிகழ்ச்சி. இதைச் சொல்லாமல் ஜான்ஸ் வரலாறு முழுமையாகாது.

1922 ஆகஸ்ட். லண்டன் கோவன்ட் கார்டன் பகுதியில் ஹென்ரியெட்டா தெருவில் விமானப்படையின் ஆள்சேர்ப்பு அலுவலகம். மேசைக்குப் பின்னால் ஜான்ஸ். எதிரே ஒல்லியான, குள்ளமான ஒருவர் வந்து நிற்கிறார். பெயர் ஜான் ஹ்யூம் ராஸ் என்கிறார். ஜான்ஸுக்குச் சந்தேகம். விசாரித்ததில் அப்படி ஒரு பெயரே பதிவேட்டில் இல்லை. பொய்ப் பெயர் என்று வெளியே அனுப்பிவிட்டார். அந்த ஆள் மேலிடத்து ஆணையோடு திரும்பி வந்தார். படை மருத்துவர்களோ உடல்நிலை போதாது என்று மறுத்தார்கள். முதுகில் கசையடித் தழும்புகள் வேறு. கடைசியில் வேறொரு மருத்துவரைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள்.

வந்தவர் டி. இ. லாரன்ஸ். அரேபியப் பாலைவனப் போரால் உலகப் புகழ்பெற்று, அந்தப் புகழிலிருந்தே ஓடி ஒளிந்துகொண்டிருந்தவர். கர்னலாக இருந்தவர் பெயரை மாற்றிக்கொண்டு கடைநிலைச் சிப்பாயாகச் சேர வருகிறார். அவரைத் தடுத்து நிறுத்தியவரோ சில ஆண்டுகளில் தமக்குத் தாமே கேப்டன் என்று பெயர் போட்டுக்கொள்ளப்போகிறவர். நாவலில் எழுதினால் ‘நம்பும்படி இல்லை’ என்பார்கள்.

கொற்றவை அவர்கள் சொன்ன குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் புத்தகத்தையும் நாற்பதாவது புத்தகத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. அதைப் பிறகு எழுதுகிறேன். நூலகம் மூடும் நேரம்.

---

புதுவாசகன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ரோல்ட் டாலும் செந்த் எக்சுபெரியும் மட்டும் படித்தவன். அவர்களும் விமானிகளாக இருந்து எழுத்தாளர் ஆனவர்கள்தானே? அவர்களைவிட்டு ஜான்ஸை ஏன் படிக்க வேண்டும்?

---

மூர்மார்க்கெட்

தம்பி, அவர்களையும் விடவேண்டாம், இவரையும் விடவேண்டாம். மூன்று பேரும் மூன்று ரகம்.

டால் போர் தொடங்கியபோது தாருஸ்ஸலாமில் எண்ணெய் நிறுவன ஊழியர். ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கிச் சில வாரம் தரையில் காவல் வேலை பார்த்துவிட்டு நைரோபிக்குப் போய் விமானப்படையில் சேர்ந்தார். 1940 செப்டம்பரில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் விமானத்தோடு விழுந்து மண்டையோடு உடைந்தது. வழி தெரியாமல், எரிபொருள் தீர்ந்து, கட்டாயமாகத் தரை இறக்கியதில் ஏற்பட்ட விபத்து அது. 1942இல் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த அவருடைய முதல் கதைக்கு ‘லிபியாவில் சுட்டு வீழ்த்தப்பட்டேன்’ என்ற பொருளில் தலைப்பு! கேப்டன் பட்டத்துக்காக ஜான்ஸைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்கட்டும். விமானிகள் கதைசொல்ல உட்கார்ந்தால் கொஞ்சம் உயரம் கூடத்தான் செய்யும்.

செந்த் எக்சுபெரி தனி மனிதர். அஞ்சல் விமானி. 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து வேவு பார்க்கப் புறப்பட்டவர் திரும்பவில்லை.

இவர்கள் இருவருக்கும் இலக்கிய மரியாதை கிடைத்தது. ஜான்ஸுக்குக் கிடைத்தது வாசகர்கள். ஏறத்தாழ 100 பிக்கிள்ஸ் நூல்கள், எல்லாம் சேர்த்து 160க்கும் மேல். இத்தனை எழுதினால் எந்த விமர்சகன் பொறுத்துக்கொள்வான்?

---

நூலகத்து மேசை

விட்ட இடத்திலிருந்து.

1927இல் ஜான்ஸ் முழுநேரப் பணியைவிட்டு வெளியேறினார். விமானப் படங்கள் வரைந்து பிழைத்தார், நல்ல கை. 1932இல் ‘பாப்புலர் ஃப்ளையிங்’ என்ற மாத இதழ் தொடங்கியபோது அதன் ஆசிரியரானார். இதழுக்குக் கதை வேண்டும். தாமே எழுதினார், வில்லியம் ஏர்ல் என்ற பெயரில். அப்படி வந்ததுதான் முதல் பிக்கிள்ஸ் கதை. அதே ஆண்டு அந்தக் கதைகள் ‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’ என்ற தொகுப்பாயின. கவனியுங்கள்: அந்த இதழ் விமானம் அறிந்த பெரியவர்களுக்கானது. சிறுவர் இதழல்ல.

அந்த முதல் கதையில் பிக்கிள்ஸ் எப்படி அறிமுகமாகிறான்? பதின்வயது தாண்டாத ஒல்லிப் பையன். கைகள் பெண்பிள்ளையின் கைகள்போல மென்மை. அவை ஓயாமல் சட்டையின் கழுத்துப் பக்கத்தை நோண்டிக்கொண்டே இருக்கின்றன. கண்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. முகத்தில் வயதுக்கு மீறிய கோடுகள். சாவைப் பார்த்துப் பார்த்து நரம்பு தளர்ந்தவனின் அடையாளங்கள் இவை, ஒன்றுவிடாமல் எழுதுகிறார். தொகுப்பின் பிற்பகுதியில் ஸ்க்வாட்ரன் தலைவர் கவலைப்படுகிறார்: இந்தப் பையன் விடியுமுன்பே விஸ்கி குடிக்கிறான், ஓய்வு கொடுக்காவிட்டால் தாங்கமாட்டான் என்று. சிறுவர் நாயகனின் அறிமுகமா இது?

பிறகு என்ன நடந்தது? சிறுவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பதிப்பாளர்கள் சந்தையைக் கண்டுகொண்டார்கள். 1950களில் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்தபோது வெட்டும் ஒட்டும் தொடங்கியது. எதிரியின் வேவு பலூனை வீழ்த்தும் பந்தயத்துக்கு முதலில் பரிசாக இருந்தது விஸ்கி. மறுபதிப்பில் அது எலுமிச்சைப் பானமாகிவிட்டது. உயிரைப் பணயம் வைத்து, சுற்றிலும் பீரங்கி காவல் காக்கும் பலூனை நோக்கிப் பாய்கிறார்கள், எதற்காக? ஒரு பெட்டி எலுமிச்சைப் பானத்துக்காக! படிக்கும் பையனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

---

ஏட்டுச்சுவடி

மேசைக்காரரே, அந்தக் கைகளைச் சொன்னதற்காகவே உங்களுக்கு ஒரு விருந்து வைக்கலாம்.

கொற்றவைக்கு: குண்டு வீசியதை அவர் நாயகன் தோளில் ஏற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள்சேர்ப்புக்காரர் எழுதும் கதையில் நாயகனின் கை நடுங்குமா? விடிகாலையில் குடிப்பானா? தன் முதல் காதலியே எதிரியின் உளவாளி என்று தெரிந்து நொறுங்கிப்போவானா? அதுவும் அதே முதல் தொகுப்பில்தான் இருக்கிறது. 1932இல் அதைப் படித்துவிட்டு எந்தத் தாய் தன் பிள்ளையைப் படைக்கு அனுப்புவாள்?

அப்புறம், பின்இருக்கையை அவர் என்றென்றும் ஒதுக்கவில்லை. 1935இல் பிக்கிள்ஸ் பறக்கக் கற்றுக்கொண்ட கதையை எழுதியபோது அவனை முதலில் இரட்டை இருக்கை எஃப்.இ.2 விமானத்தில்தான் உட்கார வைக்கிறார். அவனோடு துப்பாக்கி பிடிப்பவன் மார்க் வே என்ற நியூசிலாந்துக்காரன். அந்த விமானத்தில் துப்பாக்கிக்காரர் இருப்பது விமானிக்கு முன்னால், கண்ணெதிரே. ஒருவரை ஒருவர் பார்த்துச் சைகை செய்துகொள்ளலாம். இதற்கு மேல் நான் வியாக்கியானம் செய்யப்போவதில்லை. செய்தால் கொற்றவை அடிக்க வருவார்.

---

கொற்றவை

அடிக்க வரவில்லை. கேள்விதான்.

முதல் தொகுப்பு நேர்மையானது என்று ஏற்றுக்கொள்கிறேன். மேசைக்காரர் காட்டிய விவரங்களுக்குப் பின் மறுக்க முடியாது. ஆனால் வெட்டி ஒட்டியபோது ஜான்ஸ் உயிரோடுதானே இருந்தார்? விஸ்கி எலுமிச்சையானபோது எந்தத் தடையும் நேரவில்லையே. நடுங்கும் கையோடு இருந்த பையன், வயதே ஆகாமல் இரண்டாம் உலகப் போரிலும் பறந்து, அதன்பின் ஸ்காட்லாண்ட் யார்டின் வான்காவல் அதிகாரியாகி, நாற்பது நாடுகளில் நீதி வழங்கித் திரிகிறான். நடுக்கம் எங்கே போயிற்று? விற்பனை அதைக் குணப்படுத்திவிட்டது.

இன்னொன்று. பிக்கிள்ஸின் பிறப்பு இந்தியாவில். அப்பா ஐக்கிய மாகாணத்தில் ஆங்கிலேய அதிகாரி. அவனுடைய சிறுவயது இந்திய வாழ்க்கையை மட்டும் வைத்து 1968இல் ஒரு தொகுப்பே வந்தது. ஆல்ஜி, ஜிஞ்சர், பெர்ட்டி என்ற அவனுடைய நெருங்கிய கூட்டத்தில் ஓர் இந்தியன் உண்டா? உண்மையான கேமலை உண்மையான போரில் ஓட்டிய இந்தியர் இருந்தார். ஹர்தித் சிங் மாலிக். 28ஆம் ஸ்க்வாட்ரன். தலைப்பாகைக்கு மேல் பொருந்தும்படி தனியாகச் செய்த தலைக்கவசத்தோடு பறந்தவர். 1917 இலையுதிர்காலத்தில் காலில் குண்டடி பட்டும் பிழைத்துவந்தார்.

கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய், ஜான்ஸ் அசெலோவுக்கு வந்துசேர்ந்த அதே 1918 கோடையில், ஜூலை 6ஆம் தேதிக்கும் 19ஆம் தேதிக்கும் இடையில் பத்து வெற்றிகளைக் கணக்கில் சேர்த்தார். 22ஆம் தேதி வீழ்த்தப்பட்டு இறந்தார். வயது 19. இறந்தபின் டி.எஃப்.சி. என்ற வான்வீரப் பதக்கம். பிக்கிள்ஸின் வயது, பிக்கிள்ஸின் வேகம், பிக்கிள்ஸின் வானம். அவரைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் கதை எழுதினார்கள்?

---

தரைப்பணியாளர்

ராயைக் கொண்டுவந்தீர்களே, வணக்கம் அம்மா. படையில் இருந்த காலத்தில் அவர் பெயரைக் கேட்டிருக்கிறேன். வெளியே வந்தபின் யார் வாயிலும் கேட்டதில்லை. அவர் ஓட்டியது எஸ்.இ.5ஏ. கேமலைவிட ஓட்டுவதற்கு நிதானமானது, சுடுவதற்கு உறுதியான மேடை. தனி இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன்.

ஜான்ஸ் விஷயத்தில் ஒரு பகுதியை யாரும் இன்னும் தொடவில்லை. எனக்கு அவர்மீது மதிப்பு வந்ததே அதனால்தான். 1930களில் பிரிட்டிஷ் விமானப்படை எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதை மாதந்தோறும் தலையங்கத்தில் போட்டு உடைத்தவர் அவர். ஹிட்லரின் ஜெர்மனி புதிய உலோக விமானங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பிரிட்டனில் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள் முன்வரிசையில் இருந்தன. விமானி இல்லை, பயிற்சித் தளம் இல்லை, பணம் ஒதுக்கீடு இல்லை என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஹிட்லரை விட்டுக்கொடுத்துச் சமாதானப்படுத்தலாம் என்ற அரசின் கொள்கையை வெளிப்படையாகச் சாடினார். 1938இல் ‘ஃப்ளையிங்’ என்ற வார இதழுக்கும் ஆசிரியர். 1939 தொடக்கத்தில் ஆசிரியர் பொறுப்பு பறிபோனது. அதே ஆண்டு செப்டம்பரில் போர் வந்தது.

தரையில் நின்று விமானத்தைத் தயார் செய்து அனுப்புகிறவனுக்குத் தெரியும், பழைய பொருளைக் கொடுத்து ‘போய்ச் சண்டை போடு’ என்று பையன்களை மேலே அனுப்புவது எப்படிப்பட்ட உணர்வு என்று. அதைச் சொன்னதற்காக வேலையை இழந்தவரை வெறும் ஆள்சேர்ப்பு முகவர் என்பதை என்னால் ஏற்க முடியாது.

---

மூர்மார்க்கெட்

அவர் சாடிய அரசே பிறகு அவர் வாசலுக்கு வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. போர் தொடங்கியபின் விமான அமைச்சகத்துக்குப் பெண்களைத் துணைப்படையில் சேர்க்க வேண்டியிருந்தது. ‘உங்கள் பிக்கிள்ஸ்போல ஒரு பெண் நாயகி வேண்டும்’ என்றார்கள். வொர்ரல்ஸ் பிறந்தாள். தரைப்படைக்காரர்கள் பொறாமைப்பட்டுத் தங்களுக்கும் ஒருவன் வேண்டும் என்றார்கள். கமாண்டோ ஜிம்லெட் வந்தான். கேட்டவருக்குக் கேட்ட சரக்கு.

நடுவில் தோட்டக்கலை இதழ் ஒன்றில் பத்தியும் எழுதினார். ரோஜாச் செடியைப் பற்றி எழுதும்போது கேப்டன் பட்டம் எதற்கு என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

---

கொற்றவை

பாருங்கள், ‘விமான அமைச்சகம் கேட்டது, எழுதினார்’. நான் சொன்னதை மூர்மார்க்கெட் அண்ணாவே உறுதிப்படுத்திவிட்டார். தரைப்பணியாளர் ஐயா சொன்ன 1939 நிகழ்ச்சிக்காக அவரை மதிக்கிறேன். வொர்ரல்ஸுக்காக மதிக்க மாட்டேன். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். நீங்கள் எல்லாரும் ஏன் ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்கப் பார்க்கிறீர்கள்?

---

நூலகத்து மேசை

வொர்ரல்ஸை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஏமி ஜான்சன், பாலீன் கவர் என்ற இரு உண்மையான விமானிகளை மனத்தில் வைத்து ஜான்ஸ் அவளைப் படைத்தார். ஏமி ஜான்சன் 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தனியாகப் பறந்தவர். வழியில் கராச்சி, ஜான்சி, கல்கத்தா எல்லாம் இறங்கிப் போனவர். 1941 ஜனவரி 5 அன்று விமானம் ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் பணியில் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார். பாலீன் கவர் அந்தக் கொண்டுசேர்ப்புப் படையின் மகளிர் பிரிவுக்குத் தலைவர். அன்று துணைப்படைப் பெண்களுக்குப் போர் விமானத்தை ஓட்டும் அனுமதி கிடையாது. கதையில் வொர்ரல்ஸ் ஓட்டுகிறாள், சுடுகிறாள், எதிரி ஆட்சியிலிருந்த பிரான்ஸுக்குள் போய்வருகிறாள். அமைச்சகம் கேட்டது ஆள்சேர்ப்புக் கதை. கிடைத்தது அமைச்சகமே அனுமதிக்காத ஒரு பெண்.

ஜான்ஸ் 1968 ஜூன் 21 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டில் இறந்தார். அப்போதும் ஒரு பிக்கிள்ஸ் கதை பாதியில் இருந்தது.

---

புதுவாசகன்

எல்லாரும் சண்டை போட்டதில் எனக்கு ஆசை வந்துவிட்டது. எதிலிருந்து தொடங்கட்டும்?

---

நூலகத்து மேசை

‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’. வாங்குமுன் பலூன் கதையைப் புரட்டிப் பரிசு என்ன என்று பாருங்கள். எலுமிச்சைப் பானம் என்றிருந்தால் அந்தப் பதிப்பு வேண்டாம், வேறு தேடுங்கள். அது முடிந்ததும் பறக்கக் கற்ற கதை. பிறகு 1935இல் வந்த ‘பிக்கிள்ஸ் ஃப்ளைஸ் ஈஸ்ட்’. எரிக் ஃபான் ஸ்டால்ஹைன் என்ற ஜெர்மன் உளவாளி அதில்தான் வருகிறான். பிக்கிள்ஸைவிட அவன் சுவையான மனிதன் என்பது என் கட்சி. இருபதாண்டுக்கு மேல் அவனைப் பகைவனாகவே வைத்திருந்த ஜான்ஸ், 1958இல் சகலின் தீவுச் சிறையிலிருந்து அவனை மீட்க பிக்கிள்ஸையே அனுப்பினார்.

---

கொற்றவை

நான் வொர்ரல்ஸில் தொடங்குகிறேன். அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளும் நானுமாகப் படிப்போம். கடைசி அத்தியாயத்தில் ஜான்ஸ் வொர்ரல்ஸைச் சமையலறைக்கு அனுப்பிவைத்திருந்தார் என்றால் மேசைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். இந்திர லால் ராய்க்கு இன்றிரவே தனி இழை தொடங்குகிறேன். தரைப்பணியாளர் ஐயா, எஸ்.இ.5ஏ பற்றி எழுதுவதாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள்.